நாலு வரிசைச் சோளம்

மக்காச்சோளத்தை ஒற்றை வரிசையாகப் போடக் கூடாது. வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் முதலில் செய்கிற தப்பு இதுதான். வேலியோரமாக நீளத்துக்கு ஒரு வரிசை ஊன்றிவிட்டு, கதிரெல்லாம் பொக்கைவாயாக இருக்கிறதே என்று பிறகு வருத்தப்படுவார்கள். உச்சியில் இருக்கும் ஆண்பூவின் தூள் காற்றில் உதிர்ந்து, பக்கத்துச் செடியின் கதிர் நுனியில் தொங்குகிற பட்டு மயிரில் விழ வேண்டும். ஒரு மயிருக்கு ஒரு மணி. அதனால் நாலு வரிசையாவது சேர்த்துச் சதுரமாகப் போட வேண்டும்.

இன்ஸ்பெக்டர் பாரதி மேடம் என்னிடம் முதலில் கேட்டதும் சோளத்தைப் பற்றித்தான். "எப்பம்மா போட்டீங்க இதெல்லாம்?" என்றார். சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதித் தரச் சொன்னார். எனக்கு எழுத்து வேலை பழக்கம்தான். முப்பத்திரண்டு வருஷம் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து பதிவேடு எழுதியவள். முன்பு வாயால் சொன்னபோது இரண்டு இடங்களில் மாற்றிச் சொல்லிவிட்டேன். இதில் மாற்றாமல் எழுதுகிறேன்.

என் பெயர் ஜெயம்மாள். வயது அறுபத்து மூன்று. சங்கராபுரத்திலிருந்து மலையடிவாரத்துக்குப் போகிற சாலையில் எங்கள் ஊர். வீட்டுக்காரர் அய்யப்பன் கரும்பு ஆலையில் எடை போடுகிற இடத்தில் இருந்தார். அவர் இறந்து ஏழு வருஷம் ஆகிறது. கடைசி ஒரு வருஷம் நடக்க முடியாமல் கிடந்தார். அவருக்காகத்தான் பின்னறையோடு சேர்த்துக் குளியலறை கட்டினோம். வெளியே தூக்கிப்போய் உட்கார வை என்று அடிக்கடி கேட்பார். தூசு அவருக்கு ஆகாது என்று நான் அப்படிச் செய்வதில்லை. அந்த அறைக்கு ஒரே சன்னல். அது பின்பக்கத் தோட்டத்தைப் பார்த்தது. தோட்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் இருசம்மாள் வீடு.

எனக்கு ஒரே மகள், தேவதர்ஷினி. தர்ஷினி என்றுதான் கூப்பிடுவோம். முப்பத்தொரு வயது. அவளைச் சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்த சுபாஷுக்குக் கொடுத்தோம். அவன் அடிக்கிறவன். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை. முதல் தடவை உதடு கிழிந்து வந்தாள். இரண்டாம் தடவை கையில் மாவுக்கட்டு. மூன்றாம் தடவை கழுத்தில் கொதிக்கிற பால் பட்ட புண். மூன்று தடவையும் பத்து நாள் இருந்துவிட்டு, அவன் வந்து கூப்பிட்டதும் அவன் பைக்கில் ஏறிப் போனாள். மூன்று தடவையும் நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் தடவை அவள் வந்தது போன வருஷம் மாசியில். ஒரு கைப்பையோடு கள்ளக்குறிச்சி பஸ்ஸிலிருந்து இறங்கி, ஊரார் கண்ணில் படாமல் சந்து வழியாகப் பின்பக்கமாக வந்தாள். "இனிமே போவ மாட்டேம்மா. அவன் வந்தா நான் இங்க இல்லன்னு சொல்லிடு" என்றாள். தன் போனிலிருந்து சிம்மைக் கழற்றி அவளே இரண்டாக உடைத்தாள். பின்னறையில் போய் உட்கார்ந்துகொண்டவளும் அவள்தான். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அவளாகத்தான் அந்த அறைக்குள் போனாள்.

சந்தில் போகிறவர்கள் பார்த்துவிடுவார்கள் என்று சன்னலைச் சாத்தியே வைத்திருந்தாள். மாசிக்கே வெயில் தொடங்கியிருந்தது. உள்ளே புழுங்கி வியர்த்துக் கிடந்தாள். ஒருநாள் அவளே கேட்டாள்.

"எம்மா, சன்னலுக்கு மறப்பா எதுனா நட்டா இன்னா? சீக்கிரமா வளர்ற மாதிரி."

சீக்கிரம் வளர்வதற்கும் ஆளை மறைப்பதற்கும் மக்காச்சோளத்தைவிட நல்லது கிடையாது. அறுபது நாளில் என் தலைக்கு மேலே போய்விடும். சங்கராபுரத்தில் விதை வாங்கினேன். மருந்து தடவிச் சிவப்பாக இருக்கும். பார் பிடித்து, அடிக்கு ஒரு விதையாக நாலு வரிசை ஊன்றினேன். முழங்கால் உயரம் வந்ததும் ஒவ்வொரு தண்டின் பக்கத்திலும் ஒரு கொடி அவரை. முன்னாலேயே போட்டுவிட்டால் அவரை சோளத்தை அமுக்கிவிடும். அவரை விதை வெள்ளிமலைச் சந்தையில் வாங்கியது. மலைக்காரர்கள் கேழ்வரகுக்கு நடுவில் போடுகிற பழைய விதை. சோளத்தண்டு அவரைக்குக் கொம்பு. அவரைக்கொடி ஒரு தண்டையும் இன்னொரு தண்டையும் கோத்துக் கட்டிவிடும், காற்றுக்குச் சாயாது. கீழே பரங்கி. அது தரையை மூடிக்கொள்ளும். களை வராது, ஈரம் காயாது. பரங்கி இலையிலும் தண்டிலும் சுணை உண்டு, வெறுங்காலோடு யாரும் அதற்குள் நடக்க மாட்டார்கள். இதெல்லாம் அங்கன்வாடியில் தாய்மார்களுக்கு நான் சொல்லிக் கொடுத்ததுதான்.

பங்குனியில் சுபாஷ் வந்தான். அப்போது சோளம் இடுப்பளவு.

"அத்த, தர்ஷினி இங்கதான இருக்குது?"

"இங்க எங்க வந்துச்சி? உங்கூடத்தான இருந்துச்சி. எம்பொண்ண இன்னா பண்ண நீ? ஸ்டேஷனுக்குப் போவட்டுமா?" என்று கேட்டேன். அவன் முகம் வெளுத்துவிட்டது. ஒரு வாரம் கழித்துத் தன் மாமா தீனதயாளனோடு இன்னொரு தடவை வந்தான். அவர் சத்தம் போடாமல் பேசுகிற மனிதர். வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சுபாஷ் எங்கள் வீட்டுக்கு வரவே இல்லை.

சித்திரையும் வைகாசியும் நன்றாக இருந்தன. சோளம் சன்னலைத் தாண்டி வளர்ந்தது. தர்ஷினி சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டாள். அறைக்குள் பச்சை வெளிச்சம் வந்தது. கம்பி வழியாகக் கையை நீட்டி அவரைக்காய் பறிப்பாள். குருத்தில் புழு விழுந்தபோது, கைக்கு எட்டுகிற செடிகளில் அவளே சாம்பல் போட்டாள். நான் ரேஷன் கடைக்குப் போய் வந்தால், "எம்மா, இன்னா வாங்கினு வந்த?" என்று உள்ளிருந்து குரல் வரும். இளங்கதிரை உப்புப் போட்டு வேகவைத்துக் கொடுத்தால், மணியெல்லாம் தின்றுவிட்டுத் தக்கையை உறிஞ்சுவாள். ஐந்து வருஷம் ஒரு தட்டு கழுவின வீட்டில் இரண்டு தட்டு கழுவினேன். உடம்பும் தேறினாள். அங்கன்வாடியில் கழித்துப்போட்ட எடைத் தராசு ஒன்று என்னிடம் இருந்தது. அதில் நிற்க வைத்து, மாசியில் நாற்பத்தொன்பது கிலோ இருந்தவள் வைகாசியில் ஐம்பத்துநாலு என்று நானே எழுதி வைத்தேன்.

மலர்விழி என்று அவளுடைய காலேஜ் சிநேகிதி ஒருத்தி ஓசூரில் இருந்தாள். என் போனிலிருந்து அவளிடம் பேச வேண்டும் என்றாள். பேசட்டும் என்று கொடுத்தேன். ஆனி முதல் வாரம் அது. பேசிவிட்டு வந்தவளின் முகத்தில் வேறு களை.

"எம்மா, மலரு வேல செய்ற எடத்துல ஆள் எடுக்கிறாங்களாம். ஆஸ்டலும் அவங்களே குடுத்துர்றாங்களாம். ஆடி கழிச்சிப் போவட்டுமா?"

"போவலாம் கண்ணு. உடம்பு தேறட்டும்" என்றேன்.

மறுநாள் மத்தியானம் வாசல் கதவை யாரோ இடித்தார்கள். கையால் தட்டுவது போல இல்லை, கதவு பெயர்ந்துவிடுகிற மாதிரி ஏழெட்டு இடி. நான் பின்னறைக்குப் போனபோது தர்ஷினி கட்டிலுக்கு அடியில் சுருண்டு கிடந்தாள். வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டிருந்தாள். பாவாடை நனைந்திருந்தது. நான் அவளை வெளியே எடுத்து, முகம் துடைத்து, துணி மாற்றிவிட்டேன். சின்ன வயதில் மாற்றிவிட்ட மாதிரியேதான். "அவன்தாம்மா. எனுக்குத் தெரியும், அவன்தான்" என்றாள். "போய்ட்டான், போய்ட்டான்" என்று முதுகைத் தடவினேன். அன்று அவள் என் மடியில் தூங்கினாள். ஓசூர்ப் பேச்சு நின்றுபோனது.

பிறகு பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை அப்படி இடி விழுந்தது. முதல் வாக்குமூலத்தில் நான் 'யாரோ' என்று சொன்னேன். இருசம்மாள் உட்படத் தெருவில் யாருமே எங்கள் வீட்டுக்கு முன்னால் எவனையும் பார்த்ததில்லையே என்று மேடம் கேட்டார். பார்த்திருக்க முடியாது. அந்த நேரம் தெரு முழுக்க நூறு நாள் வேலைக்குப் போயிருக்கும். இடித்தது நான்தான். அம்மிக் குழவியை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போய், வாசல் கதவை வெளியே சாத்திக்கொண்டு இடிப்பேன். பிறகு பக்கவாட்டில் நடந்து, சமையல்கட்டு வழியாக உள்ளே வருவேன். அதற்கு இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

இதை ஏமாற்று என்று நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். குழந்தை கிணற்றோரம் போகக் கூடாது என்று பூச்சாண்டி காட்டுகிறோம். பூச்சாண்டி இல்லை என்பதற்காகக் கிணறு இல்லாமல் போய்விடாது. மூன்று தடவை போனவள் நாலாம் தடவையும் போவாள் என்பதைப் பெற்றவள் நான் நினைக்காமல் யார் நினைப்பது.

ஆடியில் தபாலில் கோர்ட்டு நோட்டீஸ் வந்தது. சுபாஷ் விவாகரத்துக் கேட்டிருந்தான். மகளுக்காக நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். சமையல்கட்டில் நின்று இரண்டு தடவை படித்தேன். அவன் அவளைத் தேடவில்லை, அவளை விட்டுவிடத்தான் பார்க்கிறான் என்பது அதில் தெளிவாக இருந்தது. அதைக் காட்டியிருந்தால் அவளுக்குப் பயம் விட்டுப்போயிருக்கும். வெந்நீர் அடுப்பில் போட்டேன். அன்று மத்தியானமும் கதவை இடித்தேன். அன்றைக்கு இடித்திருக்க வேண்டியதில்லை என்று இப்போது தோன்றுகிறது.

சோளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பட்டம் நூறு நாளில் காய்ந்துவிடும். காய்ந்த தட்டைக்கு நடுவே சன்னல் தெரியும். அதனால் தோட்டத்தை மூன்று பாத்தியாகப் பிரித்து, இருபத்தைந்து நாள் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக ஊன்றினேன். ஒன்று காயும்போது இன்னொன்று ஆளுயரம் நிற்கும். சந்து ஓரத்தில் கதிர் ஒடித்துக்கொண்டிருந்தபோது இருசம்மாள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டாள்.

"இன்னாக்கா, வூட்டச் சுத்தி இம்மாஞ் சோளம் போட்டுகினு கீற? ஒண்டி ஆளு, எவ்ளோதான் துன்னுவ?"

"சும்மா குந்திகினு இருக்க முடியலடி. ரெண்டு கதிர் எடுத்துனு போ."

"தர்ஷினி போன் பண்ணுதா? எங்க கீது இப்ப?"

"ஓசூர்ல வேலைக்குப் போவுது" என்றேன். ஊருக்கு நான் சொன்னது அதுதான். மலர்விழி போன் செய்தபோது, தர்ஷினி புருஷனோடு சமாதானமாகிப் போய்விட்டாள், நீ கூப்பிடுவது அவனுக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தேன். ஊருக்கு அவள் ஓசூரில் இருந்தாள். ஓசூருக்கு அவள் புருஷன் வீட்டில் இருந்தாள். புருஷனுக்கு அவள் காணாமல் போயிருந்தாள். எனக்கு மட்டும் அவள் பின்னறையில் இருந்தாள்.

ஐப்பசியில் மலர்விழி நேரிலேயே வந்துவிட்டாள். அந்தப் பெண் நல்ல பெண். ஒரு போனை நம்பிப் பேசாமல் இருந்துவிடவில்லை. பஸ் பிடித்து, சங்கராபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, வாசல் கதவைத் தட்டினாள். பலமாகத்தான் தட்டினாள். உள்ளே கட்டில் நகர்கிற சத்தம் எனக்குக் கேட்டது. தர்ஷினி அடியில் போய்விட்டாள் என்று தெரிந்துகொண்டேன்.

டி.வி.யைப் போட்டுவிட்டு மலர்விழிக்குக் காபி கொடுத்தேன். "தர்ஷினி குரல கேட்டு நாலு மாசமாவுதும்மா. மனசு ஒரு மாதிரியா கீது. அவங்க வூட்டு அட்ரஸ் குடுங்க, நானே போயி பாத்துட்டு வந்துர்றேன்" என்றாள். வீடு மாற்றிவிட்டார்கள், புது விலாசம் எனக்கும் தெரியாது என்றேன். அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு சுவருக்கு அந்தப் பக்கம் என் மகள். ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் போதும். அவள் மூச்சுக்கூட விடவில்லை. அந்த அரைமணி நேரம்தான் நான் பயந்தது. பிறகு, எவ்வளவு பத்திரமாக அவளைப் பழக்கியிருக்கிறேன் என்று ஒரு நிம்மதியும் வந்தது. மலர்விழி புறப்படும்போது ஒரு பரங்கிக்காயும் நாலு கதிரும் கொடுத்தேன். அவள் அழுதுகொண்டேதான் ஆட்டோ ஏறினாள்.

தப்பு எங்கே நடந்தது என்றால், அவள் கொண்டுவந்த இனிப்புப் பெட்டியில். தர்ஷினிக்குப் பால்கோவா என்றால் உயிர். பயந்து கிடக்கிறாளே, வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று பெட்டியோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். சமையல்கட்டுக்குத் திரும்பிக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தபோது அவள் வாசற்படியில் வந்து நின்றாள். கையில் பெட்டியின் மூடி.

"இதுல ஓசூர்னு போட்டுகீது. மலரு வந்துச்சா?"

நான் குழம்பையே கிளறிக்கொண்டிருந்தேன்.

"இப்ப கதவத் தட்டுனது மலரா? அப்ப அவன் இல்லயா? இத்தினி நாளா தட்டுனது யாருமா?"

அம்மி சமையல்கட்டு மூலையில் இருந்தது. அவள் குழவியைப் பார்த்தாள். அதன் ஒரு நுனியில் வாசல் கதவின் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. அதை நான் கழுவியிருக்க வேண்டும். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தவில்லை. "நான் கெளம்புறேம்மா" என்று மட்டும் சொன்னாள்.

"சாப்டுட்டுப் போ" என்றேன்.

கைப்பையை எடுக்கப் பின்னறைக்குப் போனாள். முகம் கழுவத் தண்ணீர் திறக்கிற சத்தம் கேட்டது. வெளித்தாழைப் போட்டு, அய்யப்பனின் சைக்கிள் கொட்டகைப் பூட்டைக் கொண்டுவந்து மாட்டினேன். கோபத்தில் செய்யவில்லை. குழம்பு அடிப்பிடிக்கிறது, இறக்கி வைத்துவிட்டு வந்து பேசிக்கொள்ளலாம் என்ற மாதிரிதான் இருந்தது.

மறுநாள் திறந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் முதல் நாள் திறந்தால் அவள் ஓசூருக்குப் போய்விடுவாள். பத்தாம் நாள் திறந்தால் தெருவில் நின்று கத்துவாள். மூன்றாம் மாதம் திறந்தால் நீங்கள் வருவீர்கள். ஒவ்வொரு நாளும் திறப்பது முந்தின நாளைவிடக் கஷ்டமாகிக்கொண்டே போனது. நான் வெளியூர்க் கல்யாணத்துக்குப் போக முடியாது. காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் படுக்க முடியாது. ரிஷிவந்தியத்தில் என் தம்பி இறந்தபோது, எடுக்கிறவரைகூட இருக்காமல் மத்தியானப் பஸ்ஸுக்கே திரும்பிவிட்டேன். பூட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தவளைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பதின்மூன்று மாதம். சோறு சன்னல் வழியாகத்தான். சோள வரிசைகளுக்கு நடுவே பரங்கிக்கொடியை ஒதுக்கி நான் மட்டும் போய்வர ஒரு தடம் வைத்திருந்தேன். ஆரம்பத்தில் கத்தினாள். டி.வி.யைச் சத்தமாக வைத்தேன். சோளத்தோகைக்கும் பெரிய சத்தம் உண்டு, சின்னக் காற்றுக்கே சலசலவென்று அடித்துக்கொள்ளும். மார்கழியோடு கத்துவதை விட்டாள். தை, மாசியில் கெஞ்சினாள். "நான் எங்கியும் போவலமா. தொறந்து மட்டும் வுட்டுடு. உங்கூடவே இருக்கேன்" என்றாள். கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது. நம்பத்தான் முடியவில்லை. சித்திரைக்குப் பிறகு பேசுவதில்லை.

சாப்பாடு குறைந்தது. நான் குறைக்கவில்லை, அவள் குறைத்தாள். தராசில் நிற்க வைக்க முடியாததால், கம்பி வழியாகக் கையை நீட்டச் சொல்லி, அங்கன்வாடியில் குழந்தைகளுக்குப் புஜம் அளக்கிற நாடாவால் அளந்தேன். வைகாசியில் இருபத்திரண்டு சென்டிமீட்டர். ஆவணியில் பதினெட்டு. குழந்தை ஆபத்தாக மெலிந்துவிட்டது என்று காட்டுகிற சிவப்புக் கோட்டுக்கு வர இன்னும் நிறைய இருந்தது. அது குழந்தைகளுக்கான நாடா என்று, ஆஸ்பத்திரியில் அவளைப் பார்க்கிற டாக்டர் அம்மா பிறகு என்னிடம் சத்தம் போட்டார். எனக்குத் தெரியாதா.

ஆவணியில் ஒருநாள் காலை, எட்டுகிற அவரைக்கொடிகளையெல்லாம் உள்ளே இழுத்து, மூன்று பிரியாக முறுக்கிப் பின்னி வைத்திருந்தாள். ஒரு முனையைக் கம்பியில் கட்டியிருந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. பச்சைக்கொடி, ஆள் பாரம் தாங்காது. அடுத்த விதைப்பில் சன்னலோரப் பாத்திக்கு மட்டும் அவரை போடாமல் விட்டேன். சோளமும் பரங்கியும் மட்டும்.

இந்தக் கார்த்திகைப் புயலில் அந்தப் பாத்திதான் முதலில் சாய்ந்தது. இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலை காற்று. அவரை கோத்துக் கட்டியிருந்த பாத்திகள் அப்படி இப்படி ஆடித் தாக்குப்பிடித்தன. சன்னலோரத்து நாலு வரிசையும் வேர் கிளம்பிச் சந்துப் பக்கமாக ஒரே படுக்கையாகப் படுத்துவிட்டது. விழுந்த சோளத்தை அன்றைக்கே நிமிர்த்தி மண் அணைத்தால் பிழைத்துக்கொள்ளும். மழை விட்டதும் மண்வெட்டியோடு இறங்கினேன். அந்த நேரம் பார்த்து, ஆட்டுக் கொட்டகையில் பறந்துபோன தார்ப்பாயைத் தேடிக்கொண்டு இருசம்மாள் வந்தாள். வேலியும் விழுந்திருந்தது. தார்ப்பாய் எங்கள் பரங்கிக்கொடி மேல் கிடந்தது.

அதை எடுக்கக் குனிந்து நிமிர்ந்தவள் சன்னலைப் பார்த்துவிட்டாள்.

கிட்டே போனாள். "யாரு... தர்ஷினியா?" என்றாள். "அடி எம் பொண்ணே, இன்னாடி இது கோலம்?"

உள்ளிருந்து தர்ஷினி ஏதோ சொன்னாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் பேசி அன்றைக்குத்தான் நான் கேட்டேன், அதுவும் பாதிதான் காதில் விழுந்தது. இருசம்மாள் உங்களிடம் கொடுத்த வாக்குமூலத்தில், "சத்தம் போடாத அத்த, எங்கம்மா வெளிய கீது" என்று அவள் சொன்னதாக இருக்கிறதாம். இருசம்மாளுக்குக் காது கொஞ்சம் மந்தம். என் மகள் பயந்ததெல்லாம் சுபாஷுக்குத்தான்.

ஆட்களைக் கூட்டி வந்து கடப்பாரையால் பூட்டை உடைத்தார்கள். நான் தடுக்கவில்லை. மண் அணைத்துக்கொண்டிருந்தேன், ஆறு செடி நிமிர்த்தியிருந்தேன். தர்ஷினி வாசல் வழியாகப் போகாமல் சமையல்கட்டு வழியாகத் தோட்டத்துக்கு வந்தாள். இருசம்மாள் தன் சேலைத்தலைப்பை அவள்மேல் போர்த்திப் பிடித்திருந்தாள். விழுந்து கிடந்த சோளத்தின் மேலும் பரங்கிக்கொடியின் மேலும் வெறுங்காலோடு மிதித்து நடந்து சந்துக்குப் போனாள். என்னை ஒட்டித்தான் போனாள். "கால்ல சொண குத்தும் கண்ணு, தடத்துல போ" என்றேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வெளிச்சத்தில் கண் கூசியிருக்கும்.

பூட்டியது நான். இடித்தது நான். நோட்டீஸை எரித்தது நான். பதின்மூன்று மாதம் பெற்ற மகளைச் சன்னல் வழியாகச் சோறு போட்டு வைத்திருந்தது நான். யாரும் என்னைத் தூண்டவில்லை, யாரும் எனக்கு உதவவும் இல்லை. இதற்குமேல் என்ன எழுத வேண்டும் என்று தெரியவில்லை. ஏன் செய்தாய் என்பதற்கு வக்கீல் ஏதாவது சொல்லிக்கொள்ளட்டும். இந்தப் பதின்மூன்று மாதத்தில் அவளை யாரும் அடிக்கவில்லை என்பதை மட்டும் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று பாரதி மேடம் வந்தபோது அவளைப் பற்றிக் கேட்டேன். முதலில் சொல்லவில்லை. பிறகு, இரண்டு இட்லி சாப்பிடுகிறாள், மலர்விழி ஓசூரிலிருந்து வந்து கூடவே இருக்கிறாள் என்றார். வார்டில் கதவுக்குப் பக்கத்துக் கட்டிலைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டாளாம். அந்தக் கதவை நர்ஸுகள் சாத்தப் போனால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாளாம், அதனால் ராத்திரி பகல் எந்நேரமும் திறந்தே போட்டிருக்கிறார்களாம்.

மேடம், இது மார்கழி. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பனி ஆகாது, உடனே சளி பிடித்துக்கொள்ளும். அவள் வேண்டாம் என்றுதான் சொல்வாள். அதைக் கேட்டுக்கொண்டிருக்காமல் யாராவது அந்தக் கதவைச் சாத்தி, வெளிப்பக்கம் தாழ் போட்டுவிடச் சொல்லுங்கள்.